அப்பாவின் பழைய லென்ஸ்... அதற்கேற்ற ஃபிலிம் கேமராவை செகண்ட்ஹேண்டில் வாங்குவது எப்படி?

பரணைச் சுத்தம் செய்யும்போதுதான் பெரும்பாலும் அது கிடைக்கும். பித்தளைக் குடத்துக்கும் பழைய ரேஷன் கார்டு கட்டுக்கும் நடுவே, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு லென்ஸ். மழைத் தண்ணீர் ஒழுகி, துருப்பிடித்து, கேமரா எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். லென்ஸைத் தூக்கிப் போட மட்டும் மனசு வராமல் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள்.

"பெரியப்பா சிங்கப்பூர்ல இருந்து கொண்டு வந்ததும்மா. உன் முதல் பொறந்தநாள் போட்டோ எல்லாம் இதுலதான் எடுத்தேன்" என்று அப்பா சொல்லிவிட்டால் போதும். அடுத்த மாதம் வரப்போகும் அவருடைய அறுபதாம் கல்யாணத்தை அதே லென்ஸில், அதேபோல ஃபிலிமில் எடுத்துவிட வேண்டும் என்று மகளுக்கு ஆசை வந்துவிடும். நியாயமான ஆசைதான். ஆனால், செல்போனை எடுத்து 'பழைய ஃபிலிம் கேமரா' என்று தேட ஆரம்பிக்கும் அந்த நிமிடத்தில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

காரணம் எளிது. எல்லோரும் கேமராவிலிருந்து தேட ஆரம்பிக்கிறார்கள். கையில் லென்ஸ் இருக்கும்போது, தேடல் லென்ஸிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்

கேமராவுக்குச் செலவு செய்யும் முன், அந்த லென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு செல்போன் டார்ச் போதும். லென்ஸின் ஒரு பக்கம் வெளிச்சம் அடித்து, மறுபக்கத்தில் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். நேராக விளக்கையே பார்த்தால் கண் கூசும், எதுவும் தெரியாது.

உள்ளே நாலைந்து தூசி தெரிந்தால் கவலை வேண்டாம். படத்தில் அது தெரியவே தெரியாது. சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தோல் உறைக்குள் வருடக்கணக்கில் கிடந்த லென்ஸ்களுக்கு இது சகஜம். ஓரத்தில் கொஞ்சமாக இருந்தால் லென்ஸைப் பிரித்துத் துடைக்கத் தெரிந்த மெக்கானிக் சரிசெய்துவிடுவார். நடுவில் படர்ந்து, கண்ணாடி மேலிருக்கும் பூச்சையே அரித்திருந்தால் துடைத்த பிறகும் தழும்பு நிற்கும். அந்த நிலையில் கேமரா வாங்குவதை ஒருமுறை யோசிக்கலாம்.

அடுத்து, அபெர்ச்சர் வளையத்தைத் திருப்புங்கள். உள்ளே இருக்கும் இதழ்கள் உலர்ந்து, பளிச்சென்று நகர வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு மெதுவாக நகர்ந்தால், படம் எடுக்கும் அந்த நொடியில் அவை சரியான அளவுக்குச் சுருங்காது. படம் வெளுத்துப் போகும். இதுவும் மெக்கானிக் வேலைதான். வீட்டில் தேங்காயெண்ணெய், டபிள்யூடி-40 என்று எதையும் விட்டுவிடாதீர்கள்.

மவுன்ட் பொருத்தம் பார்க்காமல் கல்யாணம் இல்லை

லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் பகுதிக்குப் பெயர் மவுன்ட். இது பொருந்தவில்லை என்றால் எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் பயனில்லை. லென்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஊறுகாய் பாட்டில் வாய் மாதிரி மரை இருந்தால், அது பெரும்பாலும் எம்42 எனப்படும் ஸ்க்ரூ வகை. 42 மில்லிமீட்டர் விட்டம், அதனால் அந்தப் பெயர். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக், கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா, சோவியத் யூனியனின் ஸெனிட்-இ என ஏராளமான கேமராக்கள் இந்த மரையோடுதான் வந்தன. ஸெனிட்-இ விலை குறைவாகக் கிடைக்கும் என்பதால் பலரும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. படம் எடுக்கும்போது லென்ஸின் பின்முனையில் இருக்கும் சிறு ஊசியை அழுத்தும் அமைப்பு அந்த கேமராவில் கிடையாது. லென்ஸில் 'ஆட்டோ - மேனுவல்' என்று மாற்றும் சிறு பொத்தான் இருந்தால் சமாளிக்கலாம். இல்லாவிட்டால் அபெர்ச்சர் முழுதாகத் திறந்தே நிற்கும்.

மரை இல்லாமல், மூன்று பட்டையான பற்கள் இருந்து, கால் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்கிற வகைதான் மற்ற பெரும்பாலானவை. இவற்றில் கம்பெனிக்கு ஒரு மவுன்ட். நிக்கான் லென்ஸ் என்றால், 1977-க்கு முந்தைய 'ஏஐ' அல்லாத லென்ஸா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட லென்ஸை எஃப்எம்2, எஃப்எம்10 போன்ற பிந்தைய பாடிகளில் மாட்டினால் கேமராவில் இருக்கும் சிறு நெம்பு உடையலாம். கேனன் எஃப்டி லென்ஸ் என்றால், 1987-ல் வந்த இஓஎஸ் வரிசை கேமராக்கள் பக்கமே போக வேண்டாம். இரண்டும் கேனன்தான், ஆனால் ஒன்றில் இன்னொன்று மாட்டாது. 'ரெண்டுமே கேனன்தானே' என்று தலையாட்டும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். லென்ஸைக் கையோடு எடுத்துப் போய் மாட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு.

பேர் பெற்ற கேமராவுக்குப் பேர் விலை

நம் வீடுகளில் கிடைக்க வாய்ப்புள்ள லென்ஸ்களில் ஒன்று பென்டாக்ஸ் 50 மி.மீ. முன்பக்க வளையத்தில் 'எஸ்எம்சி பென்டாக்ஸ்-எம் 1:2' என்று எழுதியிருக்கும். இது 1975-ல் அறிமுகமான கே மவுன்ட். இதற்கு எந்த கேமரா என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: கே1000.

1976-ல் வந்து 1997 வரை தயாரிப்பில் இருந்த கேமரா அது. புகைப்படக் கல்லூரி மாணவர்கள் பல தலைமுறைகளாகப் பழகியது. ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல். பேட்டரி இல்லாமலே ஓடும். நல்ல கேமரா என்பதில் சந்தேகமே இல்லை. சிக்கல், எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும் என்பதுதான். 'ஆன்டிக்', 'வின்டேஜ்' என்ற வார்த்தைகளைச் சேர்த்து, வேலை செய்யாத பீஸுக்கும் அந்தப் பெயரை வைத்தே விலை சொல்கிறார்கள்.

அதே கே மவுன்ட்டை வேறு கம்பெனிகளும் போட்டன என்பது பலருக்குத் தெரியாது. ரிக்கோ கேஆர்-5, காசினா சிடி-1, விவிடார் வி3000 ஆகியவற்றில் அப்பாவின் பென்டாக்ஸ் லென்ஸ் அப்படியே மாட்டும். கைக்குக் கொஞ்சம் லேசாக, பிளாஸ்டிக்காகத் தெரியும். ஷோகேஸில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால், படத்தின் தரத்தைப் பெருமளவு தீர்மானிப்பது லென்ஸும் ஃபிலிமும்தான். கேமரா பாடி என்பது ஒளி புகாத டப்பா, சரியான நேரத்துக்குத் திறந்து மூடும் ஷட்டர், ஃபோகஸ் பார்க்க ஒரு ஜன்னல். அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், மலிவாக வருகிறதே என்று எம்இசட்-50 போன்ற பிந்தைய பென்டாக்ஸ் ஆட்டோ கேமராக்களை வாங்கிவிடக் கூடாது. லென்ஸ் மாட்டிக்கொள்ளும். ஆனால், 'ஏ' என்ற எழுத்து இல்லாத பழைய அபெர்ச்சர் வளையத்தை அந்த கேமரா கண்டுகொள்ளாது.

மீட்டர் செத்த கேமரா மோசமா?

'மீட்டர் வேலை செய்யவில்லை' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் பலரும் கடந்து போய்விடுகிறார்கள். கையில் காசு குறைவாக இருப்பவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் அது. மீட்டர் என்பது வெளிச்சத்தை அளந்து சொல்லும் முள் மட்டும்தான். மெக்கானிக்கல் ஷட்டர் உள்ள கேமராவில் அது செத்தாலும் கேமரா சாகாது. விலை மட்டும் இறங்கும்.

அந்த முள்ளின் வேலையை இன்று செல்போனில் இருக்கும் இலவச லைட் மீட்டர் ஆப் செய்துவிடும். அதுவும் இல்லாமல் நம் ஊர் வெயிலுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 200 ஐஎஸ்ஓ ஃபிலிம் என்றால், உச்சி வெயிலில் அபெர்ச்சர் எஃப்/16, ஷட்டர் 1/250. மேகம் மூடினால் எஃப்/8. வீட்டு வாசலில், நிழலில் நிற்பவர்களுக்கு எஃப்/4. ஷட்டரை மாற்றவே வேண்டாம். கலர் நெகட்டிவ் ஃபிலிம் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் ஒரு படி கூடுதலாகவே வைக்கலாம்.

சில கேமராக்களில் மீட்டர் செத்திருக்காது, பேட்டரிதான் கிடைக்காது. 1960, 70-களின் பல மாடல்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது விற்பனையில் இல்லை. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 நம்பர் பட்டன் பேட்டரி கிட்டத்தட்ட அதே வோல்டேஜ் தரும். அளவில் சற்றுச் சிறியது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் வைத்தால் உட்கார்ந்துகொள்ளும். தாத்தாவிடம் ஒன்று கடன் வாங்கிக்கூட டெஸ்ட் செய்துவிடலாம்!

இந்தச் சலுகை மெக்கானிக்கல் ஷட்டருக்கு மட்டுமே. கேனன் ஏஇ-1, மினோல்டா எக்ஸ்-700 போன்றவற்றில் ஷட்டரே மின்சாரத்தில் ஓடுகிறது. அங்கே எலெக்ட்ரானிக்ஸ் செத்தால், அழகான பேப்பர் வெயிட்.

கடையில் கேமராவைக் கையில் வாங்கியதும்...

பின்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே கிளம்பிவிடலாம். கதவின் ஓரத்தில் இருக்கும் கறுப்பு நுரைப் பஞ்சு தார் மாதிரி ஒட்டினால் பயப்பட வேண்டாம். வயதானால் எல்லா கேமராவிலும் அது அப்படித்தான் ஆகும், மாற்றுவதும் சுலபம். விலை பேச அதுவே நல்ல காரணம்.

பேட்டரி மூடியைத் திறந்து பச்சையோ வெள்ளையோ உப்பு பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு லென்ஸை மாட்டி, அபெர்ச்சரை எஃப்/2-ல் வைத்து, ஜன்னலை நோக்கிப் பிடித்து, பின்பக்கம் வழியாகப் பார்த்தபடி ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை அழுத்துங்கள். ஒரு செகண்டில் வைத்தால் மனசுக்குள் 'நூற்றி ஒன்று' என்று சொல்லி முடிக்கும் நேரம் திறந்திருக்க வேண்டும். திறந்தபடி திக்கித் திக்கி நின்றால் உள்ளே கிரீஸ் உறைந்திருக்கிறது. (சில எளிய மாடல்களில் ஒரு செகண்டே கிடையாது. கேஆர்-5-ல் 1/8-லிருந்துதான் ஆரம்பம்.)

முக்கியமான சோதனை உச்ச வேகத்தில். 1/1000-ல் அழுத்தும்போது கட்டம் முழுவதும் ஒரே சீராக மின்னி மறைய வேண்டும். ஒரு ஓரம் இருட்டாகவே இருந்தால், ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. படத்தில் அந்தப் பக்கம் கறுப்புப் பட்டை விழும். துணித் திரையில் ஊசி ஓட்டைகள் இருக்கிறதா என்பதும் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். திரையை மட்டும் விரலால் தொட்டுவிடாதீர்கள்.

ஆன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால், இந்தச் சோதனைகளையே வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'வீட்டில் சும்மா இருந்தது, டெஸ்ட் பண்ணவில்லை' என்று எழுதியிருந்தால், அதை வேலை செய்யாத கேமரா என்றே கணக்கில் வைத்து விலை கேட்க வேண்டும். ஒருமுறை லீவரை இழுத்து பட்டனை அழுத்திப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. அதைக்கூடச் செய்யவில்லை என்பதை நம்புவது கஷ்டம்.

எட்டாயிரத்தில் எவ்வளவு கேமராவுக்கு?

கையில் 8,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் கேமராவுக்குக் கொடுத்துவிட்டால், ஃபிலிம் வாங்கக் காசு இருக்காது. பாதிக்குச் சற்று மேல் கேமராவுக்கு. மீதியில் ஒரு சர்வீஸ், இரண்டு ரோல், அவற்றைக் கழுவி ஸ்கேன் செய்யும் செலவு. இப்படிப் பிரித்துக்கொண்டால் கேமரா அலமாரிக்குப் போகாது.

கலர் ரோல்கள் எல்லாமே வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் விலை கூடுதல்தான். ஒரு காலத்தில் ஊட்டியிலேயே, 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. அந்த ஆலை இப்போது இயங்கவில்லை. பரணில் லென்ஸோடு ஓர் 'இந்து' ரோலும் கிடைத்தால், ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். விசேஷத்துக்கு அதைப் போட்டு எடுக்க வேண்டாம்.

விசேஷம் என்றதும் ஒன்று. கேமரா வாங்கிய முதல் ரோலை அறுபதாம் கல்யாணத்தில் போடாதீர்கள். அதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே ஒரு ரோலைத் தெருவில், மொட்டை மாடியில், அப்பாவையே நிற்க வைத்து எடுத்துக் கழுவிப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் என்ன வேகம், என்ன அபெர்ச்சர் என்று நோட்டில் குறித்துக்கொண்டால், எந்த வேகத்தில் கோளாறு என்று நெகட்டிவ் சொல்லிவிடும்.

ரோலைப் போட்டதும் இடது பக்கக் குமிழைக் கவனிக்க வேண்டும். லீவரை இழுக்கும்போதெல்லாம் அது எதிர்த்திசையில் சுற்றினால்தான் ஃபிலிம் உள்ளே நகர்கிறது என்று அர்த்தம். சுற்றவில்லையென்றால் ஃபிலிமின் நுனி பல்லில் மாட்டவில்லை. 36 படமும் 'க்ளிக்' ஆகும், ஒன்றுகூட விழாது. இது எப்படி நடக்கும் என்று கேட்டால், அந்தக் காலத்தில் யார் வீட்டுக் கல்யாணத்தில் நடந்தது என்று அப்பாவே ஒரு கதை சொல்வார்.

லேபில் கொடுக்கும்போது ஸ்கேன் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். நெகட்டிவ்களையும் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பரணில் அல்ல, பீரோவில் வையுங்கள்.