தாய்மரணமும் செவிலியர் கடமையும்

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனோடு உழைச்செல்வானையும் ஓருறுப்பாக வைத்தார். அவனையே இக்காலத்துச் செவிலி என்கின்றோம். (அகப்பாட்டின் செவிலி வேறெனினும் பெயர் பொருத்தமே.) நோயாளி பிழைத்தவிடத்து அவரை நினைப்பார் அரியர்; இறந்தவிடத்தோ முதற்கண் வினவப்படுபவர் அவரே.

நம் சங்கரன்கோவிலை நோக்குவோம். சுற்றுச் சிற்றூர்ப் பெண்டிர் மகப்பேற்றிற்கு இவ்வூர் அரசு மருத்துவமனையை நாடுவர். நிலைமை கடுமையாயின் ஏறத்தாழ 35 மைல் தொலைவிலுள்ள திருநெல்வேலிக்குச் செல்லல் வேண்டும். மகவு பிறந்தபின் கருப்பை சுருங்காது தளருமாயின், குருதி பெருகி இரண்டொரு மணி நேரத்தில் உயிர் நீங்குதலுங் கூடும். ஆதலின் வீட்டார் தயங்கிய நேரமும், வண்டி தாழ்த்த நேரமும், வழியிற் கழிந்த நேரமும் கணக்கிற்கு வருதல் வேண்டுமன்றோ? செவிலி ஒருத்தியின் கையை மட்டும் நோக்குதல் அறிவுடைமையன்று.

இந்திய அரசு 2010 ஆம் ஆண்டு வகுத்த நெறி இக்கணக்கையே கேட்கின்றது. மரணத்தை மருத்துவமனை 24 மணி நேரத்துள் அறிவித்தல் வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஆராயுங் கூட்டத்தில் உறவினரும் பேசலாம். ஒறுத்தல் இதன் நோக்கமன்று. ஒறுத்தலின்றி உண்மை வெளிப்படுமோ எனச் சிலர் ஐயுறுவர். அச்சமே உண்மையை மறைக்கும் என்பது எம் கருத்து. அஞ்சியவர் குறிப்பேட்டில் மருந்திட்ட நேரத்தை மாற்றியெழுதத் துணிவர். அடுத்த தாய்க்கு உதவக்கூடிய செய்தி அதனோடு அழிந்துபோம்.

கிரிமியப் போரில் ஸ்கூட்டாரி மருத்துவமனைச் செவிலியர்க்குத் தலைமை தாங்கிய நைட்டிங்கேல் அம்மையார், ஆங்கு மாண்டோர் தொகையைப் போர் முடிந்தபின் ஆராய்ந்தார். புண்ணினும் நோயாலேயே மிகப்பலர் மாண்டனர் என்பதை 1858 இல் வரைபடமாக வெளியிட்டார். தாம் பணிசெய்த இடத்தின் குறையைத் தாமே எண்ணிக் காட்டுதல் எளிதன்று.

தமிழ்நாட்டில் இலட்சம் உயிர்ப்பிறப்பிற்கு 2001–03 இல் 134 ஆக இருந்த தாய்மரணம் 2018–20 இல் 54 ஆயிற்று. காரணம் பலவாம், இறப்பு ஒவ்வொன்றையும் ஆராய்தலும் அவற்றுள் ஒன்றென்பர்.

இனி, உறவினர்க்குச் சொல்லும் முறை. தாழ்வாரத்தில் நின்றபடி சொல்லாது, மருத்துவரோடு சென்று, அவர்களை அமரச்செய்து, 'இறந்துவிட்டார்' எனத் தெளிவாகவே சொல்லல் வேண்டும். மழுப்பிய சொல் ஐயத்தை வளர்க்கும். கேட்டவர் சினந்து பேசுவர். அப்பொழுது எதிர்வாதம் வேண்டா.

செவிலியும் மனிதரே. இறந்தவளின் கையைப் பற்றியிருந்தவர்க்கு அன்றிரவே அடுத்த கட்டிலில் இன்னொருத்தி நோவிற் காத்திருப்பாள். மூத்த செவிலி அக்கட்டிலுக்கு வேறொருவரை நிறுத்தி, அழுபவரைச் சிறிது நேரம் வெளியே அமரவிடுதல் நன்று.