சைக்கிளில் மலைப்பக்கம் போறீங்களா? எந்த கேமரா எடுத்துட்டுப் போகலாம்?



போன பொங்கல் லீவுல நடந்ததை முதல்ல சொல்லிடறேன். சித்தப்பாவோட சின்ன டிஜிட்டல் கேமராவைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கிட்டு, நாங்க நாலு பேர் சைக்கிள்ல கிளம்பினோம். வடக்கே நகரி மலை தெரியற பக்கம், ஏரிக்கரை மேல செம்மண் பாதை. ‘டக்’குனு எடுக்க வசதியா இருக்கும்னு கேமராவை ஹேண்டில்பார்ல கர்சீப்பால கட்டி வச்சேன். ஒரு மணி நேரம் குலுங்கினதுக்கப்புறம் ஆன் பண்ணினா, லென்ஸ் பாதி வெளியே வந்து ‘கரக் கரக்’னு நின்னுடுச்சு. உள்ளேயும் போகலை, வெளியேயும் வரலை.

ரிப்பேர் கடை அண்ணன், “இதைச் சரி பண்ற காசுக்கு இன்னொண்ணு வாங்கிடலாம் தம்பி”ன்னார். சித்தப்பா திட்டவே இல்லை. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்தது. ஒரு வாரம் கழிச்சு, “அடுத்தது எது வாங்கலாம்னு நீயே பார்த்துச் சொல்லு. ஆனா காரணத்தோட சொல்லணும்”ன்னார். அதுக்காக நான் படிச்சதும், விசாரிச்சதும், கணக்குப் போட்டதும்தான் இந்தக் கட்டுரை.

சைக்கிளுக்கு எதுக்கு கேமரா?

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் விளையாட்டு அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் வளர்ந்தது. 1976 அக்டோபர் 21-ல் அங்கே ‘ரீபேக்’ என்ற சரிவுப் போட்டி முதன்முதலா நடந்தது. அந்தக் காலத்துப் பின்சக்கர பிரேக், இறக்கத்தில் சூடாகி உள்ளே இருக்கும் கிரீஸெல்லாம் எரிஞ்சு போகுமாம். ஒவ்வொரு தடவையும் திரும்ப கிரீஸ் அடைக்கணும். அதனாலதான் அந்தப் பேர்! அவங்களோடவே சைக்கிள் ஓட்டிய வெண்டி கிராக் என்ற பெண்மணி கேமராவும் கொண்டுபோனார். அந்த ஆரம்ப நாட்கள் எப்படி இருந்ததுன்னு இன்னைக்கு நாம பார்க்க முடியுதுன்னா, அதுக்கு அவர் எடுத்த படங்கள் முக்கியக் காரணம். அந்த விளையாட்டு 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் சேர்ந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கடைக்குப் போனா முதல்ல “எத்தனை மெகாபிக்சல்?”னுதான் கேட்கிறோம். நம்ம வேலைக்கு அது கடைசிக் கேள்வி. முன்னாடி கேட்க வேண்டியவை இதோ:

1. குலுக்கலைத் தாங்குமா?

உண்மையான மவுண்டன் பைக்கில் முன்பக்கம் ஸ்பிரிங் வச்ச ஃபோர்க், அகலமான டயர் எல்லாம் இருக்கும். நம்மகிட்ட இருக்கிறது பதினொண்ணாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள். ஒவ்வொரு கல்லும் நேரா ஹேண்டில்பாருக்கு வந்துடும். கேமராவுக்குள்ளே பொடிப்பொடி பல்சக்கரங்கள் இருக்கு. பல கேமராக்களில் கை நடுக்கத்தைச் சரிசெய்ய ஒரு லென்ஸ் அசைஞ்சு கொடுக்கிற மாதிரி வச்சிருப்பாங்க. அதுக்கு இந்த அதிர்ச்சி ஆகாது.

செல்போனுக்கும் இதே கதைதான். சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிளின் அதிர்வு ஹேண்டில்பார் வழியா வந்தால் ஐபோன் கேமரா பாதிக்கப்படலாம்னு ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரிச்சிருக்கு.

அப்போ எங்கே வைக்கிறது? உடம்புலதான்! முழங்கையையும் முழங்காலையும் லேசா மடிச்சு ஓட்டினா நம்ம உடம்பே ஸ்பிரிங் மாதிரி அதிர்வை வாங்கிக்கும். வயிற்றுப் பக்கம் வர்ற மாதிரி இடுப்புப் பை நல்லது. முதுகுப் பக்கம் வேண்டாம். மல்லாக்க விழுந்தா கேமரா முதுகெலும்புல குத்தும்.

2. தூசி உள்ளே போகுமா?

ஆன் பண்ணினதும் குழாய் மாதிரி நீளுற லென்ஸ் இருக்கே, அதோட இடுக்குதான் தூசிக்கு வாசல். என் கேமரா நின்னு போனதும் அப்படித்தான். சில கேமராக்களில் லென்ஸ் வெளியே நீளவே நீளாது. முன்னாடி வர்ற ஒளியை ஒரு பிரிசம் 90 டிகிரி திருப்பி உடம்புக்குள்ளேயே அனுப்பும். 2002-ல் வந்த மினோல்டா டிமேஜ் எக்ஸ் இந்த முறையில் செய்யப்பட்டதுதான். பௌதிகப் பாடத்துல வர்ற அதே எதிரொளிப்பு! 2006-ல் ஒலிம்பஸ் 720 எஸ்டபிள்யூ வந்தது. லென்ஸும் உள்ளேயே, 3 மீட்டர் ஆழத் தண்ணியும் தாங்கும், 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும்னாங்க. அதே குடும்பத்தில் 2023-ல் வந்த டிஜி-7, 15 மீட்டர் ஆழமும் 2.1 மீட்டர் உயரமும் தாங்கும். எடை 249 கிராம்.

3. ஓடுறதை நிறுத்திப் பிடிக்குமா?

ஒரு சின்னக் கணக்கு. சைக்கிள் மணிக்கு 18 கி.மீ. வேகத்துல போகுதுன்னு வச்சுக்குவோம். அதாவது நொடிக்கு 5 மீட்டர். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தா அதுக்குள்ள சைக்கிள் 8 செ.மீ. நகர்ந்திடும். படத்துல நண்பன் முகம் இருக்காது, கோடுதான் இருக்கும். 1/500 நொடின்னா 1 செ.மீ.தான் நகரும். அதனால கேமராவுல ‘ஸ்போர்ட்ஸ்’ வசதி இருக்கான்னு பாருங்க. ஓடுற பொம்மை படம் போட்டிருக்கும். பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸ் பண்ணி வச்சுக்கிட்டு, சைக்கிள் வந்ததும் மீதியை அழுத்தணும். இது பழைய கேமராவுக்கும் பொருந்தும்.

4. ஒரு கையால் எடுக்க முடியுமா?

சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊணி, ஒரு கையால பையிலிருந்து எடுத்து ஆன் பண்ணிப் பாருங்க. முடியலைன்னா அந்த கேமரா வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் லாயக்கு. மணிக்கட்டுல மாட்டுற கயிறு கட்டாயம். ஓட்டிக்கிட்டே படம் எடுக்கவே கூடாது!

5. இப்போ மெகாபிக்சல்

நாம போடுற பிரிண்ட் 4 x 6 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளின்னா 1200 x 1800. அதாவது சுமார் 2 மெகாபிக்சல் போதும்! அதைவிட சென்சார் அளவு முக்கியம். சாதாரணச் சின்ன கேமராவுல அது சுமார் 6 மி.மீ.க்கு 4.6 மி.மீ. ‘1 இன்ச்’ வகையில் 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. பரப்பளவு சுமார் 4 மடங்கு. விடியற்காலை வெளிச்சத்துல படம் தெளிவா வரும். ஆனா விலை அதிகம், பெரும்பாலும் நீளுற லென்ஸ்தான். நமக்குத் தூசிதான் எதிரி, அதனால சின்ன சென்சாரே போதும்னு முடிவு பண்ணினேன். ‘டிஜிட்டல் ஜூம்’ங்கிறது படத்தை வெட்டிப் பெரிசாக்குறதுதான். அதுக்காகக் காசு தராதீங்க.

செல்போன் போதாதா?

நிறைய பேருக்குப் போதும். ஆனா எங்க வீட்டுல இருக்கிறது அம்மாவோட போன் ஒண்ணுதான். அது உடைஞ்சா அப்பா வேலை இடத்திலிருந்து கூப்பிட வழியில்லை. கேமரா உடைஞ்சா படம் மட்டும்தான் போகும்.

பழைய கேமரா வாங்கும்போது...

★ ஜூமைப் பத்து தடவை உள்ளே வெளியே ஓட்டிச் சத்தம் கேளுங்க.
★ வெள்ளைச் சுவரைப் படம் எடுங்க. கறுப்புப் புள்ளி இருந்தா உள்ளே தூசி.
★ லென்ஸ் மேல டார்ச் அடிங்க. நூலாம்படை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை.
★ பேட்டரி உப்பியிருந்தா வேண்டாம். புது பேட்டரி கிடைக்குமான்னு கேளுங்க.

சித்தப்பாகிட்ட என் முடிவைச் சொன்னேன்: லென்ஸ் வெளியே நீளாத, தண்ணி புகாத வகையில் ஒரு பழைய கேமரா. முழுசாக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பழசாச்சே, அந்த ரப்பர் இன்னும் நல்லா இருக்குமா?” எனக்குப் பதில் தெரியலை. அப்புறம் விசாரிச்சேன். தண்ணியைத் தடுக்கிற ரப்பர் வளையம் வருஷம் ஆக ஆகக் காய்ஞ்சு போகும். அதனால பழசை நம்பித் தண்ணிக்குள்ள முக்கக் கூடாது. தூசிக்கும் தூறலுக்கும் மட்டும் நம்பலாம். “இதையும் எழுதிக்கோ”ன்னார். எழுதிட்டேன்.

போன மாசம் அப்படி ஒண்ணு வாங்கினார். மணிக்கட்டுக் கயிறை அவரே என் கையில மாட்டிவிட்டார்.

மறக்காதீங்க: நம்ம முருகன் கோயில் 365 படியும் பக்தர்கள் ஏறுற வழி; அங்கே சைக்கிள் கூடாது. சாமி சன்னதியில் படம் எடுக்கவும் கூடாது. காட்டுப் பக்கம் போறதுன்னா வனத்துறை அனுமதி வேணும். தலைக்கு ஹெல்மெட் கேமராவைவிட முக்கியம்!

புது கேமராவுல எடுத்த முதல் படத்தை இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கேன். ஏரிக்கரை மேட்டுல என் நண்பர்கள் ரெண்டு பேர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றாங்க, பின்னாடி நகரி மலை. கேமரா வேணும்னா கேளுங்க, சித்தப்பாவைக் கேட்டுத் தர்றேன். ஆனா ஹேண்டில்பார்ல கட்ட மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வாங்கணும்!

– 11-ஆம் வகுப்பு மாணவன், ‘ஆ’ பிரிவு