மண் எடுத்த இடத்தில் என்ன மிஞ்சும்?

போன வாரம் காசல்ரீ அணைக்கட்டோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் தண்ணீரோடு சேர்ந்து கடல் வரைக்கும் இறங்க வேண்டும்.

பொகவந்தலாவையிலும் நோர்வூட்டிலும் பெய்யும் மழை கெஹெல்கமு ஓயாவில் சேர்கிறது. மஸ்கெலியாப் பக்கத்து மழை மஸ்கெலி ஓயாவில் சேர்கிறது. இரண்டும் கலந்து களனி கங்கையாகி, கித்துல்கல, யட்டியாந்தோட்டை, அவிசாவளை, கடுவெல என்று கடந்து மட்டக்குளிக்குப் பக்கத்தில் கடலில் விழுகின்றன. தண்ணீர் மட்டும் இறங்குவதில்லை. கவ்வாத்து வெட்டி, செடி மொட்டையாக நிற்கும் மலையில் தென்மேல் மழை அடித்தால் என்ன நடக்கும் என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். கான் நிறையச் செம்மண் குழம்பு ஓடும். கானைத் துப்புரவாக்கி, தேங்கிய மண்ணை வாரி மறுபடி செடியடியில் போடுவது முறையான வேலை. அந்த வேலைக்கு ஆள் போடாத தோட்டத்தில் மண் நேரே ஓடைக்குப் போகிறது.

அப்படிப் போகும் மண்ணில் பருமணல் அணைக்கட்டுக்குள் தங்கிவிடும். நுண்ணிய களியில் ஒரு பகுதி அணையைத் தாண்டிப் போகும். மவுஸ்ஸாக்கலை வற்றுகிற மாதங்களில், நீர்த்தேக்கத்துக்காக மூழ்கடிக்கப்பட்ட பழைய மஸ்கெலியா நகரத்துக் கோயில் வெளியே தெரியும்போது, அதைச் சுற்றிச் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எல்லோரும் கோயிலைப் படம் எடுக்கிறார்கள். சேற்றையும் ஒருமுறை பார்க்க வேண்டும், அது நம் மலைகளின் மேல்மண். மகாவலியில் நிலைமை இன்னும் மோசம். 1976இல் கட்டி முடித்த பொல்கொல்லை நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ 44 வீதம் 12 வருடங்களில் மண்ணால் அடைபட்டுப் போனது.

அணைக்குத் தப்பிய மணலுக்குக் கீழே வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். கட்டிடங்களுக்காக களனியின் அடிப்பகுதியைப் பல வருடங்களாக அள்ளினார்கள். ஆற்றின் தரை தாழ்ந்து, வரட்சிக் காலத்தில் கடல்நீர் அம்பத்தலை நீர் எடுக்கும் இடம் வரை ஏறி வரத் தொடங்கியது. அதன் பிறகுதான் ஆற்றை விட்டுக் கடலுக்குப் போனார்கள். கடலடி மணலை உறிஞ்சி முத்துராஜவெலயில் குவித்து விற்றார்கள். அதற்கும் பிறகு வந்தது கொழும்புத் துறைமுக நகரம்.

2014 செப்டெம்பரில் தொடங்கி, 2015 மார்ச்சில் இடைநிறுத்தி, 2016இல் மீண்டும் தொடங்கி, 2019 ஜனவரியில் கடலை நிரப்பி முடித்த வேலை அது. உருவான நிலம் 269 ஹெக்டேயர். கடலடியிலிருந்து எடுத்த மணல் ஏறக்குறைய 6 கோடி 50 இலட்சம் கன மீட்டர். அந்த மணலை 269 ஹெக்டேயரிலும் சமமாகப் பரப்பினால் 24 மீட்டர் உயரம் வரும். அத்தனையும் ஒரு காலத்தில் ஏதோ ஓர் உயிரின் கூரையாகவோ தரையாகவோ இருந்தது.

எடுக்கும் விதத்தைச் சொன்னால்தான் சேதம் புரியும். கப்பலிலிருந்து ஒரு பெரிய குழாய் கடலடிக்கு இறங்கும். அதன் வாய் தரையை உரசிக்கொண்டே போக, மணலும் தண்ணீரும் சேர்ந்து கப்பலின் வயிற்றுக்குள் ஏறும். மணல் அடியில் படியும். மிஞ்சிய கலங்கல் நீர் மீண்டும் கடலுக்குள் வழியும். ஆக, சேதம் இரண்டு. கடலடியில் வாழும் புழுக்கள், சிப்பிகள், சிறு இறாலினங்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் ஓரிரு சாண் ஆழத்துக்குள் குடியிருப்பவை. குழாய் முதலில் உறிஞ்சுவது அவற்றைத்தான். அடுத்து, வழிந்த கலங்கல் நீரோட்டத்தோடு போய்த் தூரத்துப் பார்களின் மேல் படிகிறது. பவளத்தின் மேல் சேறு படிந்தால் அது மூச்சு முட்டிச் சாகும். நண்டும் திருக்கையும் தின்ன எதுவுமில்லாத தரையை விட்டு விலகிப் போகும்.

உயிர்கள் திரும்பி வருவதும் உண்டு. மணல் அடிக்கடி புரளும் இடத்தில் சில மாதங்களில் புழுக்கள் குடியேறிவிடும். சரளைத் தரையில் வருடங்கள் ஆகும். ஆழமான குழியாகத் தோண்டிவிட்டால் அதற்குள் நீரோட்டம் மந்தமாகி, நுண்சேறு வந்து அடைந்து, பிராணவாயு குறைந்துபோகும். மணலில் வாழ்ந்தது சேற்றில் வாழாது. அங்கே வருவது வேறு உயிர்கள். இங்கேதான் நம் மலைக்கும் கடலுக்கும் உள்ள கணக்கு நேர்கிறது. பருமணலை அணையும் மணல் வியாபாரமும் பிடித்துக்கொள்ள, களனி கடலுக்குக் கொண்டுபோவதில் சேற்றின் பங்கு கூடுகிறது. அப்படிப்பட்ட ஆறு, மணல் எடுத்த குழியை மணலால் நிரப்பித் தராது.

இதைக் கட்டுப்படுத்த முடியாதா என்றால், முடியும். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையில் 2000ஆம் ஆண்டு திறந்த ஒரெசுண்ட் பாலத்தைக் கட்டும்போது, தோண்டும் மண்ணில் 5 வீதத்துக்கு மேல் கடலில் சிந்தக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். போட்டதோடு நிற்கவில்லை, அளந்தார்கள். கடற்புல்லும் சிப்பிப் படுகையும் எப்படி இருக்கின்றன என்று வேலை நடக்கும்போதே கண்காணித்தார்கள். ரொட்டர்டாமில் துறைமுகத்தைப் பெருப்பிக்க மணல் எடுத்தபோது, குழிக்குள் மணல் திட்டுகளை வேண்டுமென்றே விட்டுவைத்து, உயிர்கள் திரும்பி வருவதற்கு மேடும் பள்ளமுமான தரையை உண்டாக்கிப் பார்த்தார்கள். இங்கிலாந்தில், முன்பு இருந்த அதே வகை மணலில் ஒரு படையாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. முழுவதையும் வழித்து எடுக்க விடுவதில்லை. இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த மூன்றாவதுதான். செலவு அதிகமில்லை, பெரிய தொழில்நுட்பமும் வேண்டாம், எங்கே நிறுத்துவது என்ற தீர்மானம் மட்டும் வேண்டும்.

துறைமுக நகரத்துக்கு மணல் எடுப்பதை எதிர்த்து நீர்கொழும்புக் கடற்றொழிலாளர் 2016இல் வீதிக்கு இறங்கினார்கள். பாய் விரித்த வள்ளத்தில் இறாலுக்கு வலை இழுக்கிறவர்கள் அவர்கள். எந்தப் பாரில் எந்த மாதம் எது கிடைக்கும் என்று தலைமுறையாகத் தெரிந்தவர்கள். திட்டக் கம்பனி அவர்களுடைய வாழ்வாதாரத்துக்கென்று 50 கோடி ரூபாய் ஒதுக்கியது. தொழில் பாதிக்கப்பட்டவனுக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் நட்டஈடு மனிதனுக்குப் போகிறது, தரைக்குப் போவதில்லை. தோண்டுவதற்கு முன் அந்தத் தரையில் என்ன வாழ்ந்தது, தோண்டி ஐந்து வருடம் கழித்து என்ன வாழ்கிறது என்ற இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அடுத்த அனுமதியை யோசித்துக் கொடுக்கலாம். அந்தக் கணக்கு சிங்களத்திலும் தமிழிலும் மீன்பிடித் துறைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை கரையோரத்தில் தமிழ் பேசும் மீனவக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

மேலே நம் பங்கும் இருக்கிறது. 1951ஆம் ஆண்டு மண் பாதுகாப்புச் சட்டம் இன்னும் புத்தகத்தில் உள்ளது. செங்குத்தான மலையில் கான் வெட்டுவதும், கவ்வாத்துக் குச்சிகளை வரிசைக்கு இடையில் பரப்பி மண்ணை மூடுவதும், ஓடைக்கரையில் தேயிலை நடாமல் மரம் விடுவதும் தோட்ட நிர்வாகங்களுக்குத் தெரியாத வித்தை அல்ல. கொழுந்துக் கிலோவை மட்டும் எண்ணுகிற தோட்டத்தில் இந்த வேலைகளுக்குப் பேர் விழுவதில்லை. களனியின் தலைப்பகுதித் தோட்டங்களிலாவது கான் வேலைக்குத் தனியாக ஆள் ஒதுக்கி, அதற்கு முழுச் சம்பளமும் எழுத வேண்டும்.

அடுத்த வாரம் அம்பத்தலை. கொழும்பு குடிக்கும் தண்ணீரில் உப்பு ஏறாமல் ஆற்றுக்குக் குறுக்கே தடுப்பு போடுகிற கதை.

(தொடரும்)