முழங்கைக் கட்டியும் அடையாறு ஆஸ்பத்திரியும்

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய டீக்கடைகளில் கேன்சர் என்று பேச்சு எழுந்தால் இரண்டு வாக்கியங்கள் தப்பாமல் வந்து விழும். "கத்தி பட்டா பரவிடும்" என்பது ஒன்று. "பகவானுக்கே வந்ததுதானே, நாமெல்லாம் எம்மாத்திரம்" என்பது மற்றொன்று. முதலாவது தமிழ்நாடு முழுக்கக் கேட்பது. இரண்டாவது இந்த ஊருக்கே உரியது. சொல்கிறவர் பக்தியோடுதான் சொல்கிறார். ஆனால் மார்பில் தட்டுப்பட்ட கட்டியை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் மூடிவைத்திருக்கும் பெண்ணுக்கு அது நல்ல சாக்காகிப் போகிறது. பகவான் என்று இந்த ஊர் அழைக்கும் ரமணரின் கட்டிக்கு உண்மையில் என்ன நடந்தது என்று ஒழுங்காகத் தெரிந்துகொண்டால் இந்த இரண்டு பேச்சும் நிற்காது.

நான்கு அறுவைகள்

1948-ன் கடைசியில் ரமணரின் இடது முழங்கைப் பக்கம் சிறு கட்டி ஒன்று தென்பட்டது. 1949 பிப்ரவரியில் ஆசிரமத்திலேயே மருத்துவர்கள் அதை வெட்டி எடுத்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. மார்ச்சில் சென்னையிலிருந்து அறுவை மருத்துவர்கள் வந்து இன்னும் ஆழமாக எடுத்தார்கள். எடுத்த சதையைப் பரிசோதித்தபோது சார்கோமா என்ற புற்றுநோய் என்று தெரிந்தது. ரேடியம் வைத்தார்கள். ஆகஸ்டில் மூன்றாவது அறுவை, டிசம்பரில் நான்காவது. நடுவில் பச்சிலைக் கட்டு, ஹோமியோபதி, ஆயுர்வேதம் எல்லாம் வந்து போயின. கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு மட்டும் அவர் இசையவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு, இன்று நிர்வாண அறை என்று அழைக்கப்படும் சிறு அறையில் சமாதி அடைந்தார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் சிகிச்சையை மறுத்தவர் அல்ல. உடம்பைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. சுற்றியிருந்தவர்களுக்கு இருந்தது. அவர்களுக்காக நான்கு தடவை கையை நீட்டிக் கொடுத்தார். அவருடைய பற்றின்மையை நம்முடைய பயத்துக்குப் போர்வையாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கத்தி பட்டால் என்ன ஆகும்?

தசை, கொழுப்பு, நரம்பு, எலும்பு போன்ற திசுக்களில் தொடங்குவது சார்கோமா. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் காணப்படும். அரிதாக வருவதாலேயே ஏமாற்றும். பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. கொழுப்புக் கட்டிதானே என்று நோயாளியும் நினைப்பார், சில சமயம் மருத்துவரும் நினைப்பார். நம்மில் பலருக்குக் கையிலோ முதுகிலோ இருக்கும் கட்டிகள் வெறும் கொழுப்புக் கட்டிகள்தான், அவற்றால் ஆபத்து இல்லை. ஆனால் வளர்ந்துகொண்டே போகிற கட்டி, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போன கட்டி, தோலுக்கு அடியில் ஆழத்தில் அசையாமல் இருக்கும் கட்டி, ஒருமுறை எடுத்த இடத்திலேயே மறுபடி வந்த கட்டி என்றால் அவற்றுக்கு வேறு மரியாதை தர வேண்டும்.

"கத்தி பட்டால் பரவும்" என்ற பயம் பிறந்த இடமும் இதுவாக இருக்கலாம். சார்கோமா என்று தெரியாமல் கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத செல்கள் ஓரங்களில் தங்கிவிடும். அருகம்புல்லை நுனியில் கிள்ளிய கதைதான், சில வாரங்களில் மறுபடி தலைகாட்டும். ஊர் பழியைக் கத்தியின் மேல் போடுகிறது. தவறு கத்தியில் இல்லை, வரிசையில் இருக்கிறது. முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அடுத்து ஊசி வழியாகச் சிறு சதைத் துண்டை எடுத்துச் செய்யும் பயாப்சி, அதன் முடிவு வந்தபிறகே சுற்றியுள்ள நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து எடுக்கும் அறுவை என்பதே இன்றைய முறை. பயாப்சி செய்தாலே பரவிவிடும் என்று சொல்லி ஓடுகிறவர்கள், நோயைக் கண்டுபிடிக்கும் ஒரே உறுதியான வழியை விட்டு ஓடுகிறார்கள்.

1949-ல் எம்.ஆர்.ஐ. கிடையாது. கை கால் சார்கோமாவுக்கு உறுப்பை நீக்குவதே அன்றைய முறை. 1982-ல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. உறுப்பை நீக்கியவர்களையும், உறுப்பைக் காப்பாற்றி அறுவையோடு கதிர்வீச்சும் கொடுக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உயிர் பிழைப்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அதன் பிறகு பெரும்பாலான நோயாளிகளுக்குக் கையும் காலும் மிஞ்சின.

அதே 1949, சென்னையில்

ரமணரின் கையில் அறுவைகள் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டில், சென்னையில் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்று தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்று, சென்னை சட்டசபையில் முதல் பெண் உறுப்பினராக அமர்ந்தவர். தேவதாசி ஒழிப்புக்காக அவரை நினைக்கிற அளவுக்குப் புற்றுநோய்க்காக நாம் நினைப்பதில்லை. அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்த இழப்புதான் அவரை இந்தப் பக்கம் திருப்பியது. 1925-ல் லண்டனுக்குப் படிக்கப் போனபோது அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இயங்குவதைப் பார்த்தார். 1935-ல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதே போன்ற ஒன்று இங்கும் வேண்டும் என்று பேசினார். பேச்சு கட்டடமாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன.

ஆட்சியில் இருந்தவர்களிடம் போனபோது, கேன்சர் வந்தவர்கள் எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்ற தோரணையில் பதில் வந்ததாக, பின்னாளில் அந்த மருத்துவமனையில் சேர்ந்த டாக்டர் சாந்தா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டீக்கடையில் நாம் கேட்கும் அதே குரல்தான் அன்று அமைச்சர் மேசையிலும் கேட்டிருக்கிறது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியே அதன் முதல் தூண்.

மறு ஆண்டு ஏப்ரலில் வி. சாந்தா வந்து சேர்ந்தார். மயிலாப்பூரில் பிறந்தவர், சர் சி.வி. ராமனின் குடும்பத்தைச் சேர்ந்தவர். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் கிடைத்த அரசு வேலையை விட்டுவிட்டு, பெயரே தெரியாத பன்னிரண்டு படுக்கை ஆஸ்பத்திரிக்கு வருவதை வீட்டில் யாரும் கொண்டாடியிருக்க மாட்டார்கள். வளாகத்திலேயே குடியேறினார். 2021 ஜனவரி 19-ல் இறக்கும்வரை அங்கேதான். மகசேசே, பத்ம விபூஷண் எல்லாம் வந்தன. அவை பெரிய விஷயமல்ல. பணம் கொடுக்க முடிகிறவரும் முடியாதவரும் ஒரே சிகிச்சையைப் பெற வேண்டும் என்ற விதியை அறுபது ஆண்டுகளுக்கு மேல் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தாரே, அதுதான் பெரியது. இன்று 400-க்கும் மேற்பட்ட படுக்கைகள் அங்கே இருக்கின்றன. பெரும்பகுதி நோயாளிகளுக்கு இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ மருத்துவம் நடக்கிறது.

'கரண்ட்' வைத்தவர்களும் கணக்கு எடுத்தவர்களும்

கதிர்வீச்சுச் சிகிச்சையை நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். அடையாறுக்கு 1950-களின் பிற்பகுதியிலேயே கனடாவிலிருந்து கோபால்ட்-60 கருவி வந்துவிட்டது. குழந்தைகளுக்கென்று தனிப் புற்றுநோய்ப் பிரிவு 1960-ல் அங்கே தொடங்கியது. 1984-ல் புற்றுநோய் மருத்துவத்துக்கும் அறுவைக்கும் தனி உயர்படிப்புகளைத் தொடங்கினார்கள். இன்று நாட்டின் பல ஊர்களில் உள்ள புற்றுநோய் மருத்துவர்கள் அந்த வகுப்பறைகளில் உட்கார்ந்தவர்கள்தான். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு பிளியோமைசின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் செய்தது. வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் ஊருக்கு அதைவிட அவசியமான ஆராய்ச்சி வேறென்ன?

எனக்கு இவற்றைவிடப் பிரமிப்பூட்டுவது அவர்களுடைய கணக்குப் புத்தகம். 1981-ல் சென்னை நகருக்கான புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. மருத்துவமனைகள் தாமாகச் சொல்லும் என்று காத்திருக்கவில்லை. ஆட்கள் ஒவ்வொரு மருத்துவமனையாக, ஆய்வகமாகப் போய்க் கேட்டு, மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் புரட்டிச் சேர்த்தார்கள். 2012-ல் மாநிலம் முழுவதற்குமாகப் பதிவேடு விரிந்தது. எந்த ஊரில் எந்தப் புற்றுநோய் கூடுகிறது, எது குறைகிறது என்று தெரியாமல் ஓர் அரசு எங்கே ஆஸ்பத்திரி கட்டும்? சென்னையில் கருப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்து மார்பகப் புற்றுநோய் முந்திக்கொண்ட கதையை அந்தப் பேரேடுகள்தான் காட்டிக்கொடுத்தன.

வினிகர் செய்த வேலை

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய ஓர் ஆய்வைத் தமிழ்நாட்டுப் பெண்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும், பிரான்சின் லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் நடத்தியது. அடையாறின் பதிவேட்டு வல்லுநரும் அதில் பங்கேற்றார். 30 முதல் 59 வயதுப் பெண்கள் சுமார் 49,000 பேரை அழைத்தார்கள், 31,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பரிசோதனை இவ்வளவுதான்: வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது. வெள்ளைத் திட்டு தெரிந்தால் அடுத்த கட்டப் பரிசோதனை, தேவைப்பட்டால் அங்கேயே உறைய வைக்கும் சிகிச்சை. செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். ஒரே ஒரு முறை செய்த இந்தப் பரிசோதனையால் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது.

அதே பரிசோதனை இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இலவசமாக நடக்கிறது. மார்பகப் பரிசோதனையும், வாயைத் திறந்து பார்க்கும் பரிசோதனையும் கூடவே உண்டு. பௌர்ணமிக்குப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிற கால்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றும் தூரமில்லை. கூச்சம்தான் தூரம். மாமியாரும் மருமகளும் சேர்ந்து போனால் அது பாதி குறையும் என்று கிராம நர்ஸுகள் சொல்வார்கள்.

இங்கிருந்து எங்கே போவது?

வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மார்பில் கட்டி, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, விழுங்கச் சிரமம், காரணமில்லாத இளைப்பு, வளரும் கட்டி: இவற்றில் எதுவானாலும் முதலில் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயாக இராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை உறுதிசெய்துகொள்ளத்தான் போகிறோம்.

மேல்சிகிச்சை வேண்டுமென்றால் அடையாறு ஒன்றே வழி என்றில்லை. சுமார் 80 கிலோமீட்டரில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணாவின் பெயரிலேயே அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அண்ணா உணவுக்குழல் புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3-ல் அடையாறில்தான் இறந்தார். கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள் என்று பல வாரம் நீளும். ஆகவே எது பெரிய பெயர் என்று பார்ப்பதைவிட எங்கே தங்கி முழுச் சிகிச்சையையும் முடிக்க முடியும் என்று பார்ப்பது புத்திசாலித்தனம். பாதியில் விட்ட கரண்ட் பலன் தராது.

முதலமைச்சரின் விரிவான காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். ஆசிரமத்துக்கு எதிரே வரிசையில் அமர்ந்திருக்கும் சாதுக்களுக்கு ரேஷன் கார்டு ஏது? காவிக்குள் கட்டியை மறைத்துக்கொண்டு திரியும் முதியவர்களைக் கண்டால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே கார்டு இல்லாதவருக்கும் படுக்கை உண்டு.

அடையாறுதான் என்று முடிவானால், 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலையிலிருந்து சென்னை கடற்கரைக்கு நேரடி ரயில் ஓடுகிறது. அங்கே இறங்கி வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் ஏறினால் கஸ்தூர்பா நகர் நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம், காந்தி நகர் பக்கமுள்ள பழைய வளாகம் அருகில்தான். புற்றுநோயாளிக்கும் உடன் வருபவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு, மருத்துவமனை தரும் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஏற்கெனவே எங்காவது கட்டியை எடுத்திருந்தால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. சதையைப் பதப்படுத்தி வைத்த மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடையும் அந்த ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கேட்டால் கொடுப்பார்கள். அது கையில் இருந்தால் பல சமயம் மறுபடி ஊசி குத்த வேண்டியிராது.