மூன்று துண்டுகளில் ஒரு வில்

ஹைதராபாத்தின் மாசாப் டேங்க் பகுதியில் நேரு நூற்றாண்டுப் பழங்குடியினர் அருங்காட்சியகம் உள்ளது. தெலங்கானப் பழங்குடி மக்களின் வாழ்வை நகரத்தாருக்கு அறிமுகம் செய்யும் இடம் அது. அம்மக்களுள் ஓர் இனத்தவரான செஞ்சுக்கள், நகரத்திற்குத் தெற்கே நல்லமலைக் காடுகளில் வாழ்கின்றனர். அவர்களைப் பற்றி மானிடவியலாளர் ஃபியூரர்-ஹைமன்டார்ஃப் எழுதிய நூல் 1943இல் வெளிவந்தது. வில்லும் அம்பும் செஞ்சுக்களின் நெடுங்காலத் துணை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு வேட்டைக்கு இடமில்லை. ஆயினும் கைவினையாக வந்த வில் மறைந்துவிடவில்லை. அது விளையாட்டுத் திடலுக்கு வந்து சேர்ந்தது.

ராஜஸ்தானின் உதய்ப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த பழங்குடி இளைஞர் லிம்பா ராம் மூங்கில் வில்லில் பழகியவர். 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் அம்பெய்தார். இன்றும் நம் நாட்டுப் போட்டிகளில் மரம், மூங்கில் விற்களுக்கென ‘இந்தியன் ரவுண்டு’ என்னும் தனிப் பிரிவு உண்டு. பன்னாட்டுப் போட்டிக்குரிய நவீன வில்லின் விலை லட்சங்களை எட்டுகிறது. எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு வில்வித்தையின் வாசலைத் திறப்பது மரவில்லே.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. பன்னிரண்டு வயதில் பிள்ளை இழுக்கும் வில், பதினைந்து வயதில் அவனுக்கு வலுக்குறைவாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிய வில் வாங்க எல்லாப் பெற்றோராலும் இயலுமா? இக்கேள்விக்குக் கைவினைஞர்கள் தரும் விடைதான் பிரித்துக் கட்டும் வில்.

பழைய எண்ணம், புதிய பயன்

வில்லைப் பிரித்து எடுத்துச் செல்லும் எண்ணம் நமக்குப் புதிதன்று. முற்கால இந்தியக் கொல்லர்கள் எஃகினாலேயே விற்கள் செய்தனர். அவற்றுள் பல, பிடியின் நடுவே திருகி இரண்டாகக் கழற்றக் கூடியவை. இன்றைய மரவில் பெரும்பாலும் மூன்று துண்டுகளாக அமைகிறது: நடுவே வளையாத பிடிக்கட்டை, அதன் மேலும் கீழும் வளைந்து கொடுக்கும் இரு கைகள். பூட்டிய நிலையில் ஐந்தடிக்கு மேல் நீளும் வில், கழற்றியபின் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடும். நெரிசல் மிகுந்த நகரப் பேருந்தில் பயிற்சிக்குச் செல்லும் மாணவனுக்கு இது சிறிய வசதியன்று.

பொறுமையே முதலீடு

பிடிக்கட்டைக்கு ஈட்டி, வேங்கை போன்ற கனமான வன்மரம் ஏற்றது. ரேகை நேராக ஓடும், முடிச்சோ வெடிப்போ இல்லாத கட்டையைத் தேர்ந்து, ஈரம் வற்றும்வரை நிழலில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் மரம் பிளந்துவிடும்.

கைகளுக்கு மூங்கில் சிறந்தது. மூங்கிலின் வலிமை அதன் வெளிப்புறத்திலேயே மிகுதி. நாணை இழுக்கும்போது வில்லின் முன்புறம் நீட்சியையும், எய்பவரை நோக்கிய உட்புறம் அழுத்தத்தையும் தாங்குகின்றன. எனவே மூங்கிலின் வெளிப்பக்கம் முன்புறமாக அமையவேண்டும். அங்குள்ள நார்களை அரம் தொட்டு அறுத்துவிடக் கூடாது. முனையை நோக்கி மெலியுமாறு இழைத்த பட்டைகளுக்கிடையே பசை தடவி, வளைவான அச்சின்மீது வைத்துக் கிளாம்புகளால் இறுக்குவார்கள். பசை முழுதும் இறுகுமுன் கழற்றினால் உழைப்பெல்லாம் வீண்.

அடுத்தது பூட்டு. ஒவ்வொரு கையின் அடிப்பகுதியும் பிடிக்கட்டையில் வெட்டிய தளத்தின்மீது அமர்ந்து, ஒரு போல்ட்டினால் இறுக்கப்படுகிறது. கை பக்கவாட்டில் நகராதிருக்க அருகில் ஒரு சிறு முளையும் வேண்டும். துளை சற்றே விலகினாலும் நாண் வில்லின் நடுக்கோட்டைவிட்டு ஒதுங்கும், கை முறுக்கிக்கொள்ளும். ஆகவே துளையிடுமுன் மேல் முனையிலிருந்து கீழ் முனைவரை நூல் பிடித்துப் பார்ப்பது வழக்கம்.

இறுதியாக வருவதே மிகக் கடினமான கட்டம்: இரு கைகளின் வளைவையும் சீராக்குதல். வில்லை ஒரு தாங்கியில் மாட்டி, நாணைச் சிறிது சிறிதாக இழுத்து, தள்ளி நின்று வளைவை நோக்குவார் கைவினைஞர். எங்கே வளையாமல் விறைத்து நிற்கிறதோ அங்கே மட்டும் சுரண்டுவார். மறுபடி இழுத்துப் பார்ப்பார். இங்கே பொறுமை தவறினால் இழப்பு பெரிது. கையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 10 மில்லிமீட்டர் தடிமனை 9 ஆக்கினால், குறைவது பத்தில் ஒரு பங்கு விறைப்பன்று. கால் பங்கிற்கும் மேல். சுரண்டியதை மீண்டும் ஒட்டவைக்க முடியாது.

பகுதி பகுதியாகச் செலவு

இவ்வளவு உழைப்பின் பயனைப் பெற்றோர் சில ஆண்டுகள் கழித்தே முழுமையாக உணர்வர். பிள்ளை வளர்ந்ததும் பிடிக்கட்டையை வைத்துக்கொண்டு, கூடுதல் இழுவிசையுள்ள கைகளை மட்டும் வாங்கிப் பூட்டலாம். ஒரு கை முறிந்தால் வில் முழுவதையும் எறிய வேண்டியதில்லை. ஆயினும் புதிய கை மற்றதோடு ஒத்து வளைய வேண்டும் என்பதால், இரண்டையும் இணையாகச் செய்து பெறுவதே நல்லது.

பராமரிப்பும் எளிதே. பயிற்சி முடிந்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும். அம்பின்றி நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குச் செல்லவேண்டிய விசை முழுவதும் வில்லின்மீதே திரும்பி அதனை முறித்துவிடும். ஹைதராபாத்தின் கோடை வறட்சிக்கும் மழைக்கால ஈரத்திற்கும் இடையே மரம் சுருங்கி விரியும். ஆதலால் மெருகுப்பூச்சு உரிந்த இடத்தில் உடனே மறுபூச்சு அவசியம்.

செய்பவரின் நிலை என்ன? மரம் உலரும் மாதங்களில் அவருக்கு வருவாயில்லை. முதல் முடங்கிக் கிடக்கிறது. இத்தகைய கைவினைஞர்களுக்காக 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்டதே பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டம். அது உள்ளடக்கும் 18 தொழில்களுள் தச்சும் ஆயுதம் செய்தலும் உள்ளன. தகுதியுடையோர்க்குப் பயிற்சியும், கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவியும் கிடைக்கும். மேலும் பிணையின்றி 5 விழுக்காடு வட்டியில் முதலில் 1 லட்சம் ரூபாய் வரையும், அதை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியோர்க்குப் பின்னர் 2 லட்சம் ரூபாய் வரையும் கடன் வழங்கப்படும். முதற்கடனைத் திருப்பிச் செலுத்த 18 மாதங்களும் அடுத்ததற்கு 30 மாதங்களும் தவணைக் காலம். உங்கள் ஊரில் மரபுவழியாக மரவேலை செய்யும் ஒருவரை நீங்கள் அறிவீர்களாயின், இச்செய்தியை அவரிடம் சொல்லுங்கள்.

மரம் உலரும்வரை காத்திருக்க அவருக்கு வசதி இருந்தால், எங்கோ ஒரு பிள்ளையின் கையில் முறியாத வில் இருக்கும்.