தலை தீபாவளி விருந்தும் தம்பதியர் உடல் நலமும்

மேல்நாடுகளில் பிப்ரவரி 14-ஆம் நாளைக் காதலர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பூங்கொத்தும் சாக்கொலேட் பெட்டியும் அன்றைய பரிசுகள். நம் நாட்டு நகரங்களிலும் இவ்வழக்கம் பரவியுள்ளது. ஆனால், புதிதாக மணந்தவர்களுக்கென்றே தமிழர் வெகுகாலமாகக் கொண்டாடிவரும் நாள் ஒன்று உண்டு. அதுவே தலை தீபாவளி.

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்மேற்கே, செட்டிநாட்டை ஒட்டி அமைந்த ஊர் பொன்னமராவதி. ஐப்பசி பிறந்ததும் இவ்வட்டாரத்து வீடுகளில் அதிரசத்துக்கு மாவு இடிப்பதும், தேன்குழல் பிழிவதும், உக்காரை கிளறுவதும் தொடங்கிவிடும். மகளும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினால் எண்ணெய்க் குளியல், புத்தாடை, லேகியம், விருந்து என்று நாள் முழுதும் உபசாரம்தான். இவற்றில் எது உடலுக்கு நன்மை செய்கிறது? எதில் கவனம் தேவை? அறிவியல் நோக்கில் பார்ப்போம்.

எண்ணெய்க் குளியல்

நமது தோலின் மேலடுக்கு, செங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் போன்றது. இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றின் இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. இந்தச் சுவர் உடலின் ஈரம் வெளியேறாமல் காக்கிறது. நல்லெண்ணெயைத் தேய்க்கும்போது அது தோலின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. வறண்ட தோல் மென்மையாகிறது. அழுத்தித் தேய்ப்பதால் தசைகளின் இறுக்கமும் தளர்கிறது.

பிறகு சீயக்காய் தேய்க்கிறோம். அதிலுள்ள சப்போனின் என்னும் பொருளின் மூலக்கூறுக்கு இரு முனைகள் உண்டு. ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மறுமுனை நீரைப் பற்றும். எனவே எண்ணெயும் அழுக்கும் நீரோடு போய்விடுகின்றன. சோப்பு காரத்தன்மை கொண்டது. சீயக்காயோ சற்றே அமிலத்தன்மை உடையது. நம் தோலும் இயல்பாகச் சிறிது அமிலத்தன்மை கொண்டதே. ஆகவே சீயக்காய் தோலுக்குப் பொருந்துகிறது.

ஆனால், எண்ணெய் தோல் வழியே உள்ளே இறங்கி நோய்களைத் தீர்க்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அதன் வேலை பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது.

லேகியம் என்ன செய்கிறது?

இஞ்சி, சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் ஆகியவற்றை வெல்லம், நெய், நல்லெண்ணெய் சேர்த்துக் கிளறுவது தீபாவளி லேகியம். இஞ்சிக்குக் காரம் தருவது ஜிஞ்சரால். ஓமத்துக்கு மணம் தருவது தைமால். மிளகின் காரம் பைப்பரின். இரைப்பையிலிருந்து உணவு குடலுக்கு நகர்வதை இஞ்சி சற்று விரைவுபடுத்துகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. வயிற்று மந்தம் குறைவது இதனால்தான்.

எனினும் இங்கே ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. "லேகியம் சாப்பிட்டாயிற்று, இனி எவ்வளவு தின்றாலும் கெடுதல் இல்லை" என்பார்கள். உணவு செரிப்பது வேறு. செரித்த உணவின் சக்தி உடலில் சேர்வது வேறு. லேகியம் முன்னதற்கு உதவலாம்; பின்னதைத் தடுக்காது. லேகியத்தில் உள்ள வெல்லமும் நெய்யும் அன்றைய கணக்கில் சேர்பவையே.

இனிப்பின் கணக்கு

ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தருகிறது. ஒரு கிராம் எண்ணெய் அல்லது நெய் 9 கலோரி தருகிறது. ஒரு பலகாரத்தில் 20 கிராம் வெல்லமும் 10 கிராம் எண்ணெயும் இருப்பதாகக் கொள்வோம். மூன்று பலகாரங்களில் வெல்லத்தால் ஏறக்குறைய 240 கலோரியும், எண்ணெயால் 270 கலோரியும் கிடைக்கும். மாவின் கணக்கு தனி. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவர், உணவில் சேர்க்கும் சர்க்கரையை 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. மூன்றாவது பலகாரத்திலேயே நாம் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம்!

வெல்லம் சேர்த்தால் கெடுதல் இல்லை என்பதும் சரியல்ல. வெல்லத்தில் சிறிதளவு இரும்பு முதலிய தாதுக்கள் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரையே. இரத்தத்தில் சர்க்கரையை அதுவும் உயர்த்துகிறது.

ஒரு நாள் விருந்தால் யாருக்கும் சர்க்கரை நோய் வந்துவிடாது. ஆனால் தலை தீபாவளியோடு விருந்து முடிவதில்லை. பொங்கல், ஆடி, உறவினர் வீட்டு அழைப்பு என்று முதல் ஆண்டு முழுதும் தொடர்கிறது. "இன்னும் ஒன்று" என்ற வற்புறுத்தலும், மறுக்கக் கூடாதே என்ற கூச்சமும் சேர்ந்து பழக்கமாகிவிடுகின்றன. அப்பழக்கமே ஆபத்து.

இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் தசைகளின் செல்களுக்குள் சர்க்கரை புகத் துணைபுரிகிறது. வயிற்றில் கொழுப்பு சேரச் சேர இன்சுலினின் ஆற்றல் மங்குகிறது. தெற்காசிய மக்களுக்கு இந்தக் கோளாறு குறைந்த எடையிலும் இளவயதிலும் வந்துவிடுகிறது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேர் சர்க்கரை நோயாளிகள் என்றும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் முந்தைய நிலையில் உள்ளனர் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. ஆகியவற்றைத் தாண்டினால் எச்சரிக்கை தேவை.

கடைசிப் பந்தியில் யார்?

விருந்தில் மற்றொரு குறையும் உண்டு. மாப்பிள்ளைக்கும் உறவினருக்கும் பரிமாறிவிட்டு, மீந்ததை உண்பவர்கள் வீட்டுப் பெண்களே. கறியும் கீரையும் அதற்குள் தீர்ந்துவிடுகின்றன. சோறும் குழம்பும் மிஞ்சுகின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்த சோகை உடையவர்கள். நாளை தாயாகப் போகும் மணப்பெண்ணுக்கு இது சிறிய செய்தியன்று. தாயின் இரத்த சோகை, குழந்தை குறை எடையோடு பிறப்பதற்கு ஒரு காரணமாகிறது. கணவனும் மனைவியும் ஒரே பந்தியில் அமர்ந்து, ஒரே வகை உணவை உண்பதே நல்ல தொடக்கம். பரிமாறும் மாமியாரையும் உடன் உட்கார வைத்தால் இன்னும் நன்று.

செய்யக் கூடியவை

விருந்தை விலக்க வேண்டியதில்லை; ஒழுங்குபடுத்தினால் போதும்.

1. முதலில் காய்கறி, கீரை, பருப்பு, கறி ஆகியவற்றை உண்டு, பின்னர் சோறும் இனிப்பும் உண்ணலாம். இவ்வரிசையில் உண்டால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

2. பலகாரத்தைச் சிறியதாகச் சுடலாம். சுவை குறையாது, அளவு குறையும்.

3. ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சக் கூடாது. அதில் தீய பொருள்கள் பெருகுகின்றன.

4. வறுத்த நிலக்கடலையை ஒரு கைப்பிடி தட்டில் வைக்கலாம். 100 கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு.

5. உண்டவுடன் தேநீர் வேண்டாம். அது இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் அதற்கு உதவும்.

6. சாப்பிட்டபின் படுக்காமல் இருவரும் கால் மணி நேரம் நடந்து வரலாம். நடக்கும் தசைகள் இரத்தத்தின் சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். புதுத் தம்பதியர் தனியே பேசிக்கொள்ளவும் அதுவே நல்ல நேரம்.

பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், இளம் தம்பதியரும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது அவசியம். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் மருத்துவரைக் காண வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இச்சோதனை செய்யப்படுகிறது.

அன்பின் அளவை இலையில் விழும் இனிப்பின் எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம் நம்மிடம் உள்ளது. "போதும்" என்று மாப்பிள்ளை சொன்னால் அதை மனத்தாங்கலாகக் கொள்ளாமல் ஏற்றுக்கொள்ளும் மாமியாரே அவருக்கு நெடுநாள் நன்மை செய்தவராவார்.