சாத்திர தானம்

சமண இல்லறத்தாருக்குச் சொல்லப்பட்ட தானங்கள் நான்கு. பசித்தவருக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து, அஞ்சி வந்தவருக்கு அடைக்கலம். இந்த மூன்றையும் எல்லாச் சமயங்களும் சொல்லும். நாலாவதுதான் விசேஷம். அதன் பெயர் சாத்திர தானம். ஒரு நூலைத் தன் செலவில் படியெடுக்க வைத்து, படிக்கிறவர் கைக்கு அது போய்ச் சேரும்படி செய்வது. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பெ என்ற அம்மையார், பொன்னன் எழுதிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எடுக்கச் செய்து வழங்கினார் என்கிறது வரலாறு. அச்சு எந்திரம் யார் கனவிலும் வராத காலம். ஆயிரம் படியும் கையால் எழுதியவை.

அந்த மரபின் தமிழ்நாட்டு வாசற்படி, திண்டிவனம் – செஞ்சி சாலையிலிருந்து பிரிந்து போகும் வழியில் இருக்கிறது. மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இங்கேதான். ஒரு காலத்தில் காஞ்சிபுரத்துத் திருப்பருத்திக்குன்றத்தில் இருந்து, பிறகு இங்கே வந்ததால் இன்றும் அது ஜினகாஞ்சி மடம். பட்டத்துக்கு வரும் பட்டாரகர்களுக்கு லட்சுமிசேனர் என்று பெயர். பார்சுவநாதர் கோயிலின் உயர்ந்த கோபுரம் தூரத்திலேயே தெரியும். மலைநாதர் கோயிலில் ஒரே பாறையில் தீர்த்தங்கரர்களும் பாகுபலியும் தருமதேவியும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். தேருக்குப் போகிறவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். மடத்தில் ஓலைச்சுவடிகள் இருப்பதை அவர்களில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஓர் ஏட்டுச் சுவடியைக் கையில் எடுத்தால்தான் தெரியும், அறிவைப் படியெடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று. ஓலையில் புள்ளி குத்த மாட்டார்கள், குத்தினால் கிழியும். கொம்பில் குறில் நெடில் கிடையாது. ‘கொடு’ என்று எழுதியிருப்பது ‘கோடு’ ஆகவும் இருக்கலாம். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். எழுதி முடித்த ஏட்டில் பச்சிலைச் சாறும் கரியும் தடவித் துடைத்தால்தான் கீறல் கறுத்து எழுத்து கண்ணுக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான ஏடுகளை இப்படி எழுதி முடித்தவர், கடைசி ஏட்டில் ஆண்டு, மாதம், நாள் குறிப்பார். யாருக்காக எழுதியது, எழுதியது யார் என்று சொல்வார். பிழை இருந்தால் பொறுத்துத் திருத்திக்கொள்ளும்படி படிக்கிறவரைக் கேட்டுக்கொள்வார்.

இன்று ஆராய்ச்சி உலகம் பெரிய மாநாடு கூட்டிப் பேசும் மூன்று விஷயங்கள் அந்தக் கடைசி ஏட்டிலேயே இருக்கின்றன: வேலையைச் செய்தது யார், செலவு யாருடையது, பிழை வந்தால் என்ன செய்வது.

1880 அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர், அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் பெரிய பட்டியலே சொன்னார். சிந்தாமணி படித்ததுண்டா என்ற கேள்விக்கு, இல்லை என்றுதான் அவர் சொல்ல வேண்டியிருந்தது. சைவ மடத்தில் பாடம் கேட்டவருக்குச் சமணக் காப்பியம் புது உலகம். கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்குப் போனபோது வாசலில் அலங்காரம் செய்திருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், ஆறு மாதமாக நடந்த சிந்தாமணி பாராயணம் அன்றைக்குப் பூர்த்தியாம். தமிழ்ப் புலவர் உலகம் மறந்த நூலை ஒரு வீடு விழாவாகப் படித்துக்கொண்டிருந்தது. கும்பகோணம் சந்திரநாத செட்டியார், மேல்சித்தாமூர் இருக்கும் மாவட்டத்தையே சேர்ந்த வீடூர் அப்பாசாமி நயினார் போன்றவர்கள் அவர் சந்தேகங்களைத் தீர்த்ததைத் தம் வரலாற்றில் பெயர் சொல்லி எழுதினார் ஐயர். மணிமேகலைக்குப் பௌத்தம் விளக்கிய மளூர் ரங்காசாரியரையும் அவர் மறக்கவில்லை.

ஏழு ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. பணம்? முன்கூட்டியே கையொப்பம் போட்டவர்கள் தந்தார்கள். புத்தகம் வந்ததும் பாராட்டோடு கண்டனத் துண்டுப் பிரசுரங்களும் வந்தன. ஐயர் ஓய்ந்துவிடவில்லை. மேலும் ஏடு தேடி, பாடம் ஒப்பிட்டு, 1907-இலும் 1922-இலும் திருத்திய பதிப்புகளைக் கொண்டுவந்தார். ஒரே நூலுக்கு முப்பத்தைந்து ஆண்டு. பதிப்பித்ததில் பிழை இருக்கும், திருத்துவதும் பதிப்பாசிரியரின் கடமையே என்பது அந்தத் தலைமுறையின் ஆராய்ச்சி ஒழுக்கம்.

இது இலக்கியம், விஞ்ஞானத்துக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். அதற்கும் தூரம் போக வேண்டாம். மேல்சித்தாமூரைச் சுற்றிய மானாவாரிக் கொல்லைகளில் விளைவது மல்லாட்டை, மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் நிலக்கடலை. விதை ரகத்தின் பெயரைக் கேட்டால் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்பார்கள். அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பவை. அங்கே உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகங்கள் இவை. டி.எம்.வி. 2 வெளிவந்தது 1940-இல். கொத்து ரகம், சுமார் 105 நாளில் பிடுங்கலாம். ஆந்திரம், கர்நாடகம் வரைக்கும் போய் எண்பது ஆண்டு தாண்டியும் பெயர் நிற்கிறது. அந்த ஆராய்ச்சியை ஒவ்வொரு பட்டத்திலும் ஆயிரக்கணக்கான விவசாயிகள் தங்கள் கொல்லையில் மறுசோதனை செய்தார்கள். பொய்யாக இருந்திருந்தால் இரண்டாம் பட்டத்திலேயே தெரிந்திருக்கும். அதைக் கண்டவர்கள் எத்தனை கட்டுரை வெளியிட்டார்கள் என்று இங்கே யாரும் கேட்டதில்லை.

இன்று கேட்பது அதைத்தான்.

என் அக்கா மகள் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது கைப்பேசியைக் காட்டினாள். ஏதோ ஓர் ஆய்விதழின் பெயரில் வாட்ஸ்அப் செய்தி. எந்தத் துறைக் கட்டுரையானாலும் சரி, மூன்றே நாளில் ஏற்பு, சான்றிதழ் உண்டு, கட்டணம் சில ஆயிரம்.

“மூணு நாள்ல யாரும்மா படிச்சுப் பார்ப்பாங்க?” என்றேன்.

“யாரும் படிக்க மாட்டாங்க மாமா. அதுக்குத்தான் காசு” என்றாள்.

இந்த வியாபாரம் தானாக முளைக்கவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி செய்தது. அடுத்த ஆண்டே ஆசிரியர் பதவி உயர்வுக்கும் கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு வந்தது. நோக்கம் நல்லதுதான், ஆராய்ச்சி செய்யாமல் பட்டம் வாங்குவதைத் தடுக்க நினைத்தார்கள். ஆனால் ஒரே நாளில் லட்சக்கணக்கானவர்களுக்குக் கட்டுரை தேவைப்பட்டது. தேவை இருக்கும் இடத்தில் கடை திறக்கும். குழு தானே அங்கீகரித்த பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்க வேண்டியிருந்தது. 2019-இல் ‘கேர்’ என்ற புதுப் பட்டியல் வந்தது. 2022-இல் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியே போனது. 2025-இல் கேர் பட்டியலும் கைவிடப்பட்டு, நல்ல இதழ் எது என்று நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றானது. பதினாறு ஆண்டில் வட்டம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. கடைகள் மட்டும் மூடவில்லை.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. 2023-இல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் பத்தாயிரத்துக்கு மேல். அவற்றில் எட்டாயிரத்துக்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. காசு வாங்கிக் கட்டுரை தயாரித்துக் கொடுக்கும் கும்பல்கள் சிறப்பிதழ்கள் வழியாக உள்ளே நுழைந்திருந்தன. ஹிந்தாவியை விலைக்கு வாங்கியிருந்த வைலி நிறுவனம் அந்தப் பெயரையே விட்டுவிட்டது. இந்தியாவில் கல்வி நிறுவனங்களின் 2025 தேசியத் தரவரிசையில், திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறை முதல் தடவையாக வந்தது. நல்ல செய்திதான். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மோசடியால் திரும்பப் பெற்றதையும், நேர்மையாகத் தன் பிழையைத் தானே கண்டு திரும்பப் பெற்றதையும் பிரித்துப் பார்க்காவிட்டால், பிழையை ஒப்புக்கொள்கிறவனுக்குத்தான் முதல் அடி விழும். கடைசி ஏட்டில் பிழை பொறுக்கச் சொன்ன மரபுக்கு அது நேர் எதிர்.

அடுத்தது படிக்கிறவர் பாடு. ஆய்விதழ் என்பது விசித்திரமான சரக்கு. ஆராய்ச்சிக்குப் பணம் தருவது பெரும்பாலும் அரசு. எழுதுகிறவருக்குக் கூலி இல்லை, சரிபார்க்கிற சக ஆய்வாளருக்கும் இல்லை. அச்சான பிறகு அதைப் படிக்க அதே அரசின் கல்லூரி சந்தா கட்ட வேண்டும். இலவசமாகப் படிக்கக் கொடுக்க வேண்டுமென்றால் எழுதியவர் கட்ட வேண்டும். ‘நேச்சர்’ இதழ் 2020-இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். அத்திமப்பெ தம் பணத்தைப் போட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார். இங்கே எழுதியவரே பணத்தைப் போட்டு, லாபத்தைப் பதிப்பகத்துக்குக் கொடுக்கிறார்.

மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள், 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள். கிராமத்துப் பிள்ளைகள் படிக்கும் அரசு கலைக் கல்லூரிக்கும் ஐ.ஐ.டி.க்கும் ஒரே வாசல் என்பது பெரிய காரியம். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தனியார் கல்லூரி மாணவரும், எந்த நிறுவனத்தையும் சேராமல் ஊரில் இருந்தபடி ஆராய்கிறவரும் வாசலுக்கு வெளியேதான். அப்படிப்பட்டவர்கள் புழக்கடை வழியாகப் போன ‘சை-ஹப்’ தளத்தையும், மூன்று வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் முடக்கச் சொல்லிவிட்டது.

அன்று எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ஏடு வைத்திருந்தவர்கள் பலர் காட்ட மறுத்தார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடிகள் தீயில் போனதைக் கேட்டு ஐயர் மனம் வெந்ததை எழுதியிருக்கிறார். எழுத்தே எட்டாத வீடுகள்தான் நாட்டில் அதிகம். சாத்திர தானம் கிடைத்தாலும் அதைப் படிக்கும் உரிமை பிறப்பைப் பார்த்தே பலருக்கு வாய்த்தது. என் அக்கா மகள் இன்று முனைவர் பட்டத்துக்குப் படிப்பது அன்றைக்கு நடந்திருக்காது. கதவு அகலத் திறந்தது இந்தக் காலத்தின் புண்ணியம். திறந்த கதவிலேயே சுங்கச்சாவடி வைத்ததும் இந்தக் காலம்தான்.

சுங்கம் இல்லாத வழிகளும் உண்டு. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியல் ஆய்வாளர் கல்யாணசுந்தரம் தொடங்கிவைத்த மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர் உழைப்பில் தமிழ் நூல்களைத் தட்டெழுதி, பிழை திருத்தி, காசில்லாமல் தருகிறது. ஈழத்து நூல்களை ‘நூலகம்’ என்ற தளம் காசில்லாமல் தருகிறது. சர் சி.வி. ராமன் 1934-இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழ்களை அகாதமியின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆய்வுக் கட்டுரைகளை எல்லாருக்கும் திறந்துவைக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து பல ஆண்டுகள் வாதாடியவர் சுப்பையா அருணாசலம். இவை எல்லாம் சாத்திர தானத்தின் இன்றைய வடிவங்கள். கல்லூரிகளின் புள்ளிக் கணக்கில் இவற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் பதில் வராது.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றம் இருக்கிறது. அங்கே பாறையில் ஒரு சிறு வட்டெழுத்துக் கல்வெட்டு. 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவு. பெயர், நாள் கணக்கு, இடம். அவ்வளவுதான். ஆயிரத்து நானூறு ஆண்டுகள் போல ஆகியும் அதை வைத்துத் தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராய்கிறார்கள். நிற்கிற ஆவணம் நீளமாக இருக்க வேண்டியதில்லை, நிறைய இருக்க வேண்டியதுமில்லை.

என் அக்கா மகள் அந்த மூன்று நாள் இதழுக்குப் பணம் கட்டவில்லை. நல்ல இதழ் ஒன்றுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறாள். மாதக்கணக்கில் ஆகுமாம். அவளைப் போன்றவர்கள் பொறுமையாகக் காத்திருக்க வேண்டுமானால் மாற வேண்டியவர்கள் அவர்கள் அல்ல. நேர்முகத் தேர்வில் உட்காரும் பேராசிரியர்களே, பதவி உயர்வுக் கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரிகளே, எதிரே இருப்பவரிடம் எத்தனை கட்டுரை என்று கேட்காதீர்கள். அவர் எழுதியதில் ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட்டு வந்து, அதைப் பற்றிக் கேளுங்கள்.